லெட்டர் என்ற ஒரு சொல்லும், பின்லாந்துக்காரர்களின் இரண்டு சொல்லும்



பழைய மாணவர் ஒருவர் வேலை நிமித்தம் பின்லாந்தில் இருக்கிறார். மாலை வகுப்பில் ஃபின்னிஷ் படிக்கிறாராம். "சார், இங்கிலீஷ்ல லெட்டர்னு ஒரே வார்த்தை. இங்கே அதுக்கு எத்தனை வார்த்தை! ஏன் சார்?" என்று போன வாரம் கேட்டிருந்தார். வாட்ஸப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போயிற்று. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

ஆங்கிலத்தில் ஏ, பி, சி ஒவ்வொன்றும் லெட்டர். தபால்காரர் கொண்டுவருவதும் லெட்டர். சட்டத்தின் நோக்கத்தை விட்டுவிட்டு அதன் சொல்லை மட்டும் பிடித்துத் தொங்குகிறவரைச் சொல்லும்போதும் லெட்டர். இலக்கியம் கற்றவர் 'மேன் ஆஃப் லெட்டர்ஸ்'. வீட்டை வாடகைக்கு விடுகிறவரும் லெட்டர்தான். ஆனால் அது 'லெட்' என்ற வினையிலிருந்து வந்த வேறு சொல், உறவு எதுவும் கிடையாது.

லத்தீனில் 'லித்தெரா' என்றால் ஓர் எழுத்து. அதையே பன்மையில் சொன்னால் கடிதம். எழுத்துகள் கூடினால் கடிதம், கணக்கு சரிதான். பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இரண்டு பொருளையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு சொல், கடிதத்துக்கு ஒரு சொல் என்று தனித்தனியாகத்தான் இருந்தன.

ஃபின்னிஷில் எழுத்து 'கிர்யைன்', கடிதம் 'கிர்யே'. சட்டத்தின் எழுத்து என்பதற்கும் கிர்யைன்தான். இலக்கியம் 'கிர்யல்லிசூஸ்', நூலகம் 'கிர்யஸ்தோ'. பதிவுத் தபால் 'கிர்யத்து கிர்யே'. வாடகைக்கு விடுகிறவருக்கு மட்டும் சம்பந்தமே இல்லாத வேறு சொல். மற்ற எல்லாவற்றுக்கும் தாய் 'கிர்யா', அதாவது புத்தகம். அந்தக் கிர்யாவுக்குப் புத்தகம் என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்ததுதான். ஆதியில் அது கோலம், வேலைப்பாடு. பல வண்ணம் கலந்ததை இன்றும் 'கிர்யவா' என்கிறார்கள். துணியில் பூவேலை செய்வது 'கிர்யோவா'. தமிழாசிரியர்களுக்கு இது புதிதாக இருக்காது. நமக்கும் 'எழுது' என்றால் ஓவியம் தீட்டுவதும் சேர்த்தி. கண்ணுக்கு இன்றும் மை எழுதுகிறோம்.

கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. கிர்யைனும் கிர்யேயும் ஒரு வயிற்றுச் சொற்கள். அவை குறிக்கும் எழுத்தும் கடிதமும் மட்டும் பின்லாந்தின் ஏழைக் குடியானவன் வீட்டுக்குச் சேர்ந்து வரவில்லை. நடுவே பல தலைமுறை இடைவெளி.

முதலில் வந்தது எழுத்து. பின்லாந்து அப்போது சுவீடன் ஆட்சியில். விட்டன்பர்க்கில் லூதரிடம் படித்துத் திரும்பிய மிக்கயேல் அக்ரிகோலா, 1543இல் ஓர் அரிச்சுவடி அச்சிட்டார். ஃபின்னிஷில் அச்சான முதல் புத்தகம் அதுதான். 1548இல் புதிய ஏற்பாட்டையும் கொண்டுவந்தார். ஏப்ரல் 9, அவர் இறந்த நாள், இன்று அந்த மொழியின் நாள்.

1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு பிடி இறுகியது. படிக்கத் தெரியாதவருக்குத் திடப்படுத்தல் இல்லை. அது இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை! ஆண்டுதோறும் ஏதாவதொரு வீட்டில் ஊரைக் கூட்டி வைத்துப் பாதிரியார் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நம்மூர் இன்ஸ்பெக்ஷன் மாதிரி, ஆனால் பெரியவர்களுக்கும் சேர்த்து. அலெக்சிஸ் கிவி 1870இல் எழுதிய 'ஏழு சகோதரர்கள்' நாவலில், வளர்ந்த தடியன்கள் அரிச்சுவடிக்குப் பயந்து கோயில் கணக்கரின் வீட்டு ஜன்னல் வழியே ஓடிவிடுகிறார்கள். வகுப்பறையில் நாலு வருஷம் நின்ற எவருக்கும் அந்த இடத்தில் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும்.

படிக்கச் சொன்ன திருச்சபை, எழுதச் சொல்லவில்லை. வேதம் வாசிக்கப் பேனா எதற்கு? 1880 வாக்கில்கூடப் பத்து வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். எழுதவும் தெரிந்தவர்கள் சுமார் எட்டில் ஒருவர்தான். தாங்களே முட்டிமோதி எழுதப் பழகிய குடியானவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்.

1809இல் ஆட்சி ரஷ்யாவின் கைக்குப் போனது. அரசு அலுவலும் மேல்படிப்பும் அப்போதும் சுவீடிஷில்தான். அதற்கும் மேலே, ஐரோப்பாவில் 1848இல் நடந்த புரட்சிகளைப் பார்த்து மிரண்ட ஜார் அரசு 1850இல் ஓர் ஆணை போட்டது: ஃபின்னிஷில் மதமும் பொருளாதாரமும் தவிர வேறு எதையும் அச்சிடக் கூடாது. சொந்த மொழியில் கதை அச்சிட்டால் குற்றம்! பத்து ஆண்டு இருந்தது அந்தத் தடை.

பிறகு ஸ்னெல்மன் என்ற தத்துவ அறிஞரின் முயற்சியால் 1863இல் மொழி ஆணை வந்தது: 20 ஆண்டுகளுக்குள் அரசு அலுவலகங்களில் ஃபின்னிஷ் பேசும் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே காரியம் நடக்க வேண்டும். அதே ஆண்டு உனோ சிக்னேயஸ், யுவாஸ்குலா நகரில் ஃபின்னிஷ் வழி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1866இல் ஆரம்பப் பள்ளிச் சட்டம். எழுத்தோடு கைத்தொழிலும் அங்கே பாடம். உலகத்துக்கே முன்னோடி என்று இன்று நாம் புகழ்கிற பின்லாந்துக் கல்வியின் அடிக்கல் அந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது என்பேன்.

அந்த நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1914 வரை சுமார் மூன்று லட்சம் பேர் மிஷிகன், மினசோட்டா என்று அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அங்கிருந்து வந்தவற்றுக்கு 'அமெரிக்கக் கிர்யே' என்றே பெயர். ஊரிலிருந்த தாய்க்கு வேதப் புத்தகத்தின் தடித்த அச்செழுத்து தண்ணீர் பட்ட பாடு. மகனுடைய கூட்டெழுத்து அவளுக்குக் கோடும் வளைவும்தான். அதை வாசித்துச் சொல்லவும், பதில் எழுதவும், பள்ளிக்கூடம் போன பிள்ளை ஒன்றை அவள் தேட வேண்டியிருந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் வர 1921 ஆனது.

லெட்டருக்கு நான் விட்டுவிட்ட பொருள் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். 'லெட்டர்பேடு கட்சி' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.