ஒன்றரை டன் ஏசியில் ஒன்றரை டன் எங்கே இருக்கு?

எங்க ஊர் அக்னித் தலம். பஞ்சபூதத் தலங்கள்ல நெருப்பு எங்களுக்குத்தான் ஒதுக்கீடு. பகல் முழுக்க வெயில் குடிச்ச மலை ராத்திரி நிதானமா அதைத் திருப்பிக் கொடுக்கும். அதனால மே மாசம் வந்தா திருவண்ணாமலையில கிரிவலத்துக்கு அடுத்தபடியா பேச்சு அடிபடுறது ஏசி பத்தித்தான். "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" இந்தக் கேள்வி கேக்காத வீடு குறைவு. ஆனா அந்த 'டன்' என்னன்னு யாரும் கேக்குறதில்லை. பெட்டியோட எடையா? உள்ளே இருக்குறதையும் வெளியே இருக்குறதையும் சேர்த்துத் தராசுல வெச்சாலும் நூறு கிலோ வராதுங்க.

அது ஐஸோட எடை. நிஜமான ஐஸ்.

ஒரு டன் (அமெரிக்க டன், 2000 பவுண்டு, சுமார் 907 கிலோ) ஐஸ் 24 மணி நேரத்துல உருகி எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. கணக்குல சொன்னா மணிக்கு 12,000 பி.டி.யூ., அல்லது 3.5 கிலோவாட். ஆக, ஒன்றரை டன் ஏசி முழு வேகத்துல ஓடுதுன்னா, உங்க ரூம்ல மணிக்கு 57 கிலோ ஐஸ் உருகுற மாதிரி. குளிர்ச்சியை ஏன் ஐஸ்ல அளக்கணும்? மெஷின் வர்றதுக்கு முன்னாடி குளிர்ச்சின்னா ஐஸ் மட்டும்தான். இந்தக் கதையோட ஒரு துண்டு நம்ம சென்னையிலயே நிக்குது.

பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர். குளிர்காலத்துல உறையுற ஏரித் தண்ணியை அறுத்துக் கப்பல்ல ஏத்தி விக்கிறதுதான் அவர் தொழில். ஆரம்பத்துல ஊரே சிரிச்சுதாம். 1833 மே மாசம் அவரோட ஐஸ் 180 டன் 'டஸ்கனி' கப்பல்ல கல்கத்தாவுக்குக் கிளம்புச்சு. நாலு மாசப் பயணம், வழியில பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். செப்டம்பர்ல வந்து சேர்ந்தப்போ சுமார் 100 டன் மிச்சம் இருந்துச்சு! காப்பாத்தினது நம்ம ஊர் மரக்கடையில சும்மா கிடக்குற மரத்தூள் மாதிரி சமாச்சாரம்தான். அந்த 100 டன் செய்யுற வேலையை இன்னிக்கு உங்க ஒன்றரை டன் ஏசி ரெண்டு, ரெண்டரை மாசத்துல செஞ்சு முடிச்சுடும்.

கல்கத்தா, பம்பாய், சென்னைன்னு மூணு ஊர்லயும் ஐஸ் கிடங்கு கட்டினாங்க. இன்னும் நிக்குறது சென்னையில 1842ல் கட்டினது மட்டும்தான். மெரினா எதிர்ல வட்டமா இருக்கே, விவேகானந்தர் இல்லம், அதேதான். பஸ் கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ்"னு கூவுறது இதனாலதான். டியூடர் கம்பெனிக்குப் பிறகு அது பிலிகிரி அய்யங்கார்ங்கிற வக்கீல் கைக்கு வந்துச்சு. 1897 பிப்ரவரியில விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னாடி சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினதும் அங்கேதான். ஐஸ் வெச்ச இடத்துல எத்தனை கதை பாருங்க!

நிற்க. டியூடர் வியாபாரத்தைக் கவுத்தது மெஷின். ஃப்ளோரிடாவுல ஜான் கோரின்னு ஒரு டாக்டர் காய்ச்சல் நோயாளிங்க ரூமைக் குளிர வைக்கணும்னு ஐஸ் செய்யுற மெஷினைக் கண்டுபிடிச்சு 1851ல் காப்புரிமை வாங்கினார். பணம் போட ஆள் கிடைக்காம, 1855ல் நொடிஞ்சு போய் இறந்தார். ஆனா அந்த வழியில தொழில்நுட்பம் வளர்ந்துச்சு. 1874ல் சென்னையிலயே ஐஸ் கம்பெனி வந்தாச்சு. அப்புறம் எவன் பாஸ்டன்ல இருந்து கப்பல்ல வர்ற ஐஸை வாங்குவான்?

அடுத்த ஆள் வில்லிஸ் கேரியர். 1902, புரூக்ளின்ல ஒரு அச்சகம். காத்துல ஈரம் ஏறி இறங்க, காகிதம் நீண்டு சுருங்கி, கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரல. கேரியர்கிட்ட கேட்டது ஈரத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தான், மனுஷனைக் குளிர வைக்க இல்லை! குளிர்ந்த குழாய் மேல காத்தை ஓட்டினா ஈரம் தண்ணியாப் படியும். அதுதான் தீர்வு. 'ஏர் கண்டிஷனிங்'ங்கிற பேரை 1906ல் வெச்ச ஸ்டூவர்ட் கிராமரும் பஞ்சாலை ஆள்தான், அவருக்கும் பிரச்னை ஈரப்பதம்தான்.

இப்போ உங்க வீட்டுக்கு வாங்க. உள்பெட்டியில இருந்து சுவர்ல தண்ணி வழியுதா? பயப்படாதீங்க. தண்ணி வர்றது கோளாறில்லை, அதுதான் கேரியர் சொன்ன வேலை. புழுக்கமான நாள்ல மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலகூட வரும். வெளியே போற குழாய்ல பாசி, தூசி அடைச்சுடுச்சு, அவ்வளவுதான். குழாயைச் சுத்தம் பண்ணி, சரிவு வெளிப்பக்கம் இருக்கான்னு பார்த்தா போதும்.

கடைசி அத்தியாயம் கேஸ். ஆரம்ப காலத்துல அம்மோனியா, கந்தக டை ஆக்ஸைடு மாதிரி விஷமெல்லாம் உள்ளே ஓடுச்சு. கசிஞ்சா ஆள் காலி. 1928ல் தாமஸ் மிட்ஜ்லி குழு ஃப்ரியானைக் கண்டுபிடிச்சாங்க. விஷமில்லை, எரியாதுன்னு காட்ட 1930ல் மேடையிலயே அதை மூச்சுல இழுத்து, மெழுகுவர்த்தி மேல ஊதி அணைச்சார் மிட்ஜ்லி. (பெட்ரோல்ல ஈயம் கலந்த புண்ணியவானும் இவரேதான்!) 1974ல் மொலினாவும் ரோலண்டும் இந்த வகைக் கேஸ் ஓசோனை அரிக்கும்னு சொன்னாங்க. 1985ல் அண்டார்டிகா மேல ஓட்டை வெளிச்சத்துக்கு வந்துச்சு. 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம், 1992ல் இந்தியாவும் சேர்ந்துச்சு. பழைய ஏசியில இருக்குற ஆர்-22ம் ஓசோனைக் கொஞ்சம் கடிக்கும். அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனா பூமியைச் சூடாக்குறதுல கார்பன் டை ஆக்ஸைடை விட 2088 மடங்கு. இப்போ புழக்கத்துல இருக்குற ஆர்-32 675 மடங்கு, லேசா எரியவும் செய்யும். ஒரு பிரச்னையைத் தீர்த்தா இன்னொண்ணு முளைக்கும். நம்ம சாஃப்ட்வேர் மாதிரியேதான், என்ன சொல்றீங்க?

வரலாறு போதும்டா, ஏசி குளிரலைன்னா என்ன பண்றதுன்னு கேக்குறீங்களா? இந்த வரிசையில பாருங்க:

1. ஃபில்டர். கழட்டிக் கழுவி, காய வெச்சு மாட்டுங்க. சீசன்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. எங்க ஊர்த் தூசிக்கு அதுகூட அதிகமில்லை.

2. வெளிப்பெட்டி. ரூம்ல பிடிச்ச சூட்டை வெளியே கொட்டுற இடம் அது. பின்னாடி தகடுகள்ல தூசி அடைச்சா சூடு எங்கே போகும்? கரண்ட்டை மெயின்லயே நிறுத்திட்டு, மெதுவா தண்ணி அடிச்சுக் கழுவணும். பிரஷர் வெச்சு அடிச்சா தகடு மடங்கிடும்.

3. வெளி ஃபேன் சுத்தலை, இல்லை கம்ப்ரசர் 'ம்ம்ம்'னு முனகி நின்னுடுதுன்னா, முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல. கம்ப்ரசரை மாத்தறதோட ஒப்பிட்டா இது சில்லறைச் செலவு. ஆனா நீங்க கை வைக்காதீங்க. கரண்ட்டை நிறுத்தின பிறகும் அதுல ஷாக் மிச்சம் இருக்கும்.

4. உள் காயில்ல ஐஸ் கட்டுதா? ஒண்ணு காத்தோட்டம் குறைவு, இல்லை கேஸ் குறைவு.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் கேஸ் பேச்சே வரணும். நடக்குறது தலைகீழ். தெரிஞ்ச ஒரு வீட்டுல மூணு வருஷமா ஏப்ரல் தவறாம "கேஸ் கம்மி சார்"னு நிரப்பிக் காசு வாங்கிட்டுப் போனாங்க. பெரியவர் அதை வருஷா வருஷம் கட்டுற வீட்டு வரி மாதிரி நினைச்சுட்டு இருந்தார். அந்தக் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருளில்லைங்க. மூடின குழாய்க்குள்ள திரவமாகி, ஆவியாகி, திரும்பத் திரும்ப அதேதான் சுத்துது. குறைஞ்சிருந்தா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம நிரப்பினா உங்க காசும் காத்துல போகுது, 675 மடங்கு, 2088 மடங்குன்னு சொன்னேனே, அந்தக் கேஸும் காத்துல போகுது. அடுத்த மே இன்னும் சூடாத்தான் வரும்.

அதனால அடுத்த தடவை யாராவது "கேஸ் கம்மி"ன்னு சொன்னா, ரேட் கேக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த இடத்துல தம்பி லீக்?" சோப்பு நுரை தடவி இடத்தைக் காட்டினா, அவர் தொழில் தெரிஞ்சவர். நம்பரை மறக்காம சேவ் பண்ணிக்கோங்க.