எண்ணிச் செலவழிக்கும் அச்சம்

'ரெசிடென்ட் ஈவில்' வரிசையின் ஏழாம் விளையாட்டை மகன் என் கையில் தந்தபோது பேய்க்கதை ஒன்றை எதிர்பார்த்தேன். என்னை அச்சுறுத்தியதோ பேயன்று. துப்பாக்கியில் எஞ்சியிருந்த இரண்டு தோட்டாக்கள்.

உயிர்தப்பும் திகில் விளையாட்டு என்னும் இவ்வகையின் வேர்களுள் ஒன்று, ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்'. அதன் வழியில் ஷின்ஜி மிகாமி 1996இல் முதல் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டை இயக்கினார். ஒரு மாளிகை, சில தோட்டாக்கள், சிறிய பை. ஆட்டத்தைச் சேமிப்பதற்கும் தட்டச்சுப்பொறியின் மைநாடா வேண்டும். அதுவும் அளவாகவே கிடைக்கும். 2005இல் வந்த நான்காம் பாகம் சண்டைக்கு முதலிடம் தந்தது. 2012இல் வந்த ஆறாம் பாகத்தில் வெடிகள் பெருகின, அச்சம் வற்றியது. 2017இல் ஏழாம் பாகம் லூசியானாவின் பாழ்வீடு ஒன்றுக்கும் பழைய பற்றாக்குறைக்கும் திரும்பியது.

அருப்புக்கோட்டைக்காரனுக்கு இது புதிதன்று. கண்மாய் வறண்ட கோடைகளில் குடங்களை எண்ணி வாழ்ந்த வீடு எங்களுடையது. உச்சிவெயிலில் முனி உலவும் என்பார்கள். அம்மா அதற்கு அஞ்சியதில்லை. பானையடியில் செம்பு உரசும் ஓசைக்கே அஞ்சினாள். தோட்டா தீர்ந்த துப்பாக்கியின் வெற்றொலியில் நான் கேட்டதும் அதைத்தான்.