பதிவேடுகளில் ஓர் ஆலைத் தொழிலாளி: இராபர்ட் பிளின்கோவின் வாழ்க்கைத் தடம்

முன்னுரை

நிலமும் பட்டமும் பெற்ற ஆங்கிலக் குடும்பங்களின் வரலாற்றை அறிய உயில்களும் நிலப்பத்திரங்களும் கடிதங்களும் துணைநிற்கின்றன. உழைத்து உண்ட மக்களோ தம்மைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு. அவர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பிறர் எழுதியவை. திருச்சபை, வறியோர் நிருவாகம், நீதிமன்றம், அரசு ஆகியவை தத்தம் தேவைக்காக எழுதிய ஏடுகளிலேயே அவர்கள் தலைகாட்டுகின்றனர். எனவே, ஓர் ஏடு எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிந்த பின்னரே அதன் சொல்லையும் மௌனத்தையும் மதிப்பிட இயலும். பஞ்சாலைத் தொழிலாளியான இராபர்ட் பிளின்கோவின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

ஏடுகளும் அவற்றின் நோக்கமும்

இங்கிலாந்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் திருச்சபைப் பங்குதோறும் பதியவேண்டும் என்னும் ஆணை 1538இல் பிறந்தது. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டது; 1794இல் அது நீக்கப்பட்டது. வறியோர்க்கு இவ்வரியிலிருந்து விலக்கு இருந்தமையால் சில ஏடுகளில் பெயரருகே ‘வறியவர்’ என்னும் குறிப்புக் காணப்படுகிறது. வரிக்கணக்கிற்காக எழுதிய குறிப்பே இன்று அக்குடும்பத்தின் நிலையை உணர்த்தும் சான்றாகிறது.

1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்திற்குப் பின் மணமக்கள் ஏட்டில் கையொப்பமிடவோ குறியிடவோ வேண்டியதாயிற்று. எழுதப் படிக்க அறியாத உழைப்பாளி தன் கையால் விட்டுச்சென்ற ஒரே தடம் பல நேரங்களில் அச்சிலுவைக் குறியே எனலாம். 1813 முதல் வழக்கிற்கு வந்த அச்சிட்ட திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் தொழிலும் வாழிடமும் இடம்பெற்றன. 1837இல் அரசுப் பதிவு தொடங்கியபோதுதான் திருமணப் பதிவில் மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் கேட்கப்பட்டன.

மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளும் எச்சரிக்கையுடன் அணுகத்தக்கனவே. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயது ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்படுவதே பொதுவிதி. பிறந்த ஊரின் பெயரும் குடும்பத் தலைவரோடு உள்ள உறவும் 1851இல்தான் கேட்கப்பட்டன.

பிளின்கோவின் வாழ்க்கை

பிளின்கோ ஏறத்தாழ 1792இல் பிறந்தவர். நான்கு வயதளவில் இலண்டனின் செயிண்ட் பாங்கிராஸ் வறியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். தம் பெற்றோர் யாவர் என்பதை அவர் அறியார். 1799இல் பிற சிறாரோடு நாட்டிங்காம் அருகிலுள்ள லௌடம் பஞ்சாலைக்குப் பயிற்சித் தொழிலாளியாக அனுப்பப்பட்டார். பின்னர் டெர்பிசயரின் லிட்டன் ஆலைக்கு மாற்றப்பட்டார்.

இவ்வனுப்புதலின் காரணம் வறியோர் சட்டத்தில் உள்ளது. வறியோரைக் காக்கும் செலவை அந்தந்தப் பங்கே வரி திரட்டி ஏற்றது. வேறொரு பங்கில் பயிற்சி ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டு நாற்பது நாள் தங்கிய சிறுவனுக்கு அங்கு வதிவுரிமை கிட்டும்; அனுப்பிய பங்கின் சுமை நீங்கும். ஆதலால் பயிற்சி ஒப்பந்தம் என்னும் ஆவணம் சிறுவனின் பெயர், வயது, எசமானர், காலவரை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லும். ஆலையில் அவன் பட்ட பாட்டைச் சொல்லாது. பயிற்சிச் சிறாரின் நலங்கருதி 1802இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டும் அதனைச் செயற்படுத்தும் ஏற்பாடு வலுவற்றிருந்தது.

அப்பாட்டைச் சொன்னவர் பிளின்கோவே. 1822இல் அவரைச் சந்தித்த சான் பிரௌன் என்னும் இதழாளர் அவர் கூறியவற்றை எழுத்தில் வடித்தார். அடி, பசி, ஓய்வற்ற உழைப்பு ஆகியன நிறைந்த அவ்வரலாறு 1828இல் ரிச்சர்டு கார்லைலின் இதழிலும், 1832இல் தொழிற்சங்கத் தலைவர் சான் டோகர்ட்டியின் முயற்சியால் தனிநூலாகவும் வெளிவந்தது. 1833இல் ஆலைகளில் சிறார் உழைப்பை ஆராய்ந்த அரசு விசாரணையிலும் அவர் சாட்சியமளித்தார். ஆலைச் சீர்திருத்தப் போராட்டத்திற்குப் பயன்பட்ட நூலாதலின் அதன் நம்பகத்தன்மையைச் சில வரலாற்றாசிரியர் ஐயுற்றனர். சான் வாலர் 2005இல் வெளியிட்ட நூலில் அவ்வரலாற்றைச் சமகால ஆவணங்களோடு பொருத்திக் காட்டினார்.

ஒப்பந்தக்காலம் முடிந்தபின் பிளின்கோ மான்செசுட்டரில் கழிவுப்பஞ்சு வணிகம் செய்தார். 1819இல் மணம் புரிந்தார். அக்கால ஏட்டில் தந்தைக்கெனத் தனிக்கட்டம் இல்லை. பிற்காலத்தில் கடனால் சிறையும் சென்று மீண்ட அவர் 1860இல் மறைந்தார். அவர் மகன் ஒருவர் கேம்பிரிட்சில் பயின்று திருச்சபைக் குருவானார். பெற்றோர் பெயரறியாத ஒருவரின் மகன் பல்கலைக்கழகம் பயின்றவரானமை ஒரு தலைமுறையில் நிகழ்ந்த மாற்றமாகும்.

முடிவுரை

பிளின்கோ அறிய ஏங்கியது தம் பெற்றோரை. அவர் வாழ்வைத் தாங்கிய நிருவாகம் அவரைச் செலவாகவும் உழைப்பாகவும் கணக்கிட்டதேயன்றி, அவ்வினாவிற்கு விடை தரவில்லை. உழைக்கும் முன்னோரைத் தேடும் எவரும் இத்தகைய வெற்றிடத்தை எதிர்கொள்வர். பெயரொற்றுமையை மட்டும் கொண்டு அதனை நிரப்புவது இல்லாத ஒருவரை முன்னோராக்குவதாகும். பிளின்கோவிற்கு ஒரு பிரௌன் வாய்த்தார். அவரோடு ஆலைக்குச் சென்ற சிறாருள் மிகப் பலருக்கு அது வாய்க்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒப்பந்தத்தின் ஒரு வரியும் ஏட்டின் ஒரு குறியுமே எஞ்சியவை. அவற்றை எழுதியவரின் நோக்கத்தைப் பிரித்தறிந்து படிப்பதே அவர்களுக்குச் செய்யத்தக்க நேர்மையான ஆய்வுப்பணி என்பது தெளிவாகிறது.