ஹீரோவுக்கு டிஸ்மிஸ், ஹீரோயினுக்கு?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால ஸ்டூடியோ என்பது சினிமா தயாரிக்கும் ஃபேக்டரி. முதலாளி டி.ஆர். சுந்தரம் கண்டிப்புக்குப் பேர்போனவர். சரி, இப்படிப்பட்ட ஃபேக்டரிக்குள் காதல் வந்தால்?

பம்பாய் டாக்கீஸில் வந்தது. 1934-ல் ஹிமான்ஷு ராய் தொடங்கிய கம்பெனி. அவர் மனைவி தேவிகா ராணிதான் அதன் நட்சத்திரம். ‘ஜீவன் நையா’ தயாரிப்பில் இருந்தபோது, ஹீரோ நஜ்முல் ஹசனோடு அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார்! பாதியில் நிற்கும் படம், போட்ட பணம், சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஊழியர்கள்... ராயின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சவுண்ட் பிரிவில் இருந்த சசாதர் முகர்ஜி சமாதானம் பேசி தேவிகாவை அழைத்து வந்தார். ஹசனுக்கு வேலை போச்சு. இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். சீட்டுக் கிழிந்தது ஒருவருக்குத்தான். காமர்ஸ் படித்தவனுக்கு இது சட்டென்று புரியும்: தேவிகா முதல், ஹசன் செலவு! கணவரே முதலாளி, முதலாளியே நீதிபதி. இன்றைய எச்.ஆர். ஆசாமிகள் என்றால், முதல் வேலையாக விசாரணையை ராய் கையிலிருந்து பிடுங்கியிருப்பார்கள்.

காலியான இடத்தில், லேபில் வேலை பார்த்த முகர்ஜியின் மச்சானை நிறுத்தினார் ராய். பையனுக்கு நடிப்பில் இஷ்டமே இல்லை. 1936-ல் தேவிகாவோடு அவர் நடித்த ‘அச்சூத் கன்யா’ பிய்த்துக்கொண்டு ஓடியது. பையன் பெயர் அசோக் குமார்.

1940-ல் ராய் இறந்தார். ஸ்டூடியோ நிர்வாகம் தேவிகா கைக்கு வந்தது. 1945-ல் ரஷ்ய ஓவியர் ரோரிக்கை மணந்துகொண்டு, சினிமாவையே விட்டுப் போனார்.