ஆலை வாயில் முதல் யானை முகாம் வரை

ஒரு நிறுவனம் தன் தொழிலைப் பற்றி நான்கு பேருக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறது. அறிக்கை அச்சிட்டால் படிப்பவர் சிலர். படமாகக் காட்டினால் பார்ப்பவர் பலர். இன்று மசினகுடியிலுள்ள சிறு விடுதி முதல் பெருநகர ஆலை வரை யாவரும் இதற்காக வீடியோ எடுக்கின்றனர். இது அண்மைக் காலத்துப் பழக்கம் என்று தோன்றலாம். உண்மையில் இதன் வயதும் சினிமாவின் வயதும் ஒன்றே.

முதல் படமே ஆலைப் படம்

1895 மார்ச் 22. பாரிஸ் நகரில் தொழில் வளர்ச்சிக்கான கழகம் ஒன்றின் உறுப்பினர் முன்னிலையில் லூயி லூமியேர் சொற்பொழிவாற்றினார். அவரும் அவருடைய அண்ணன் ஒகுஸ்தும் லியோன் நகரில் புகைப்படத் தகடுகள் செய்யும் ஆலையை நடத்தி வந்தவர்கள். புகைப்படத் தொழிலைப் பற்றிய அந்தப் பேச்சோடு ஒரு படத்தையும் லூயி ஓட்டிக் காட்டினார். ஆலையின் கதவு திறக்கிறது. வேலையாட்கள் கூட்டமாக வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் படம்! சுருளின் நீளம் 17 மீட்டர். வினாடிக்கு 16 படங்கள் வீதம் ஒரு நிமிடத்திற்குள் ஓடி முடிந்துவிடும். லூமியேர் படங்களைப் பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பார்த்தது அதே ஆண்டு டிசம்பர் 28-இல்தான். தொழில் உலகம் அதற்கு ஒன்பது மாதம் முந்திக்கொண்டது.

அந்தப் படத்தில் ஒலி இல்லை. வாயிலைக் கடந்து சென்றவர்களின் முகம் நமக்குத் தெரியும். அவர்கள் என்ன பேசிக்கொண்டு போனார்கள் என்பது தெரியாது.

தேயிலை வாரியத்தின் படம்

1930-களில் படத்தோடு ஒலியும் சேர்ந்துவிட்டது. அப்போது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம் தன் செலவில் படம் எடுக்க முன்வந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவைச் சேர்ந்த பேசில் ரைட் 1934-இல் இலங்கைக்கு வந்து படம் பிடித்தார். தயாரிப்பாளர் ஜான் கிரியர்சன். 'சாங் ஆஃப் சிலோன்' என்ற அப்படம் 1935-இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

அந்நாளைய ஒலிப்பதிவுக் கருவிகள் பாரமானவை. காட்டுக்கும் மலைக்கும் தூக்கிச் செல்ல உகந்தவை அல்ல. ஆகவே காட்சி இலங்கையிலும் ஒலிக்கோவை லண்டனிலுமாக உருவாயின. இந்தக் குறையே அப்படத்தின் சிறப்பாக மாறியது. மூன்றாம் பகுதியில் யானை மரத்தைச் சாய்க்கும் காட்சி வருகிறது; தென்னையில் ஏறும் மனிதர் வருகிறார். செவியில் விழுவதோ சந்தை விலைகளும் வணிகக் கடிதங்களின் வாசகங்களும்! உழைப்பு ஓரிடத்தில், அதன் விலையை நிர்ணயிக்கும் குரல் வேறிடத்தில் என்பதை விளக்கவுரை இல்லாமலே அது உணர்த்திவிடுகிறது. "எங்கள் தேயிலையை வாங்குங்கள்" என்று படம் ஓரிடத்திலும் கூவவில்லை. அதனால்தான் இன்றும் அது பார்க்கப்படுகிறது.

ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். படத்தின் வர்ணனை, ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட ஆங்கில நூலிலிருந்து எடுக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர், தம் வாழ்வைத் தாமே சொல்லும் குரல் அதில் இல்லை.

சுருளிலிருந்து நாடாவுக்கு

படச்சுருள் விலை மிகுந்த பொருள். 16 மி.மீ. சுருள்கூட நிமிடத்திற்கு 11 மீட்டர் செலவாகும். மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் உதகை வரும். அங்கே 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் படச்சுருள்களைத் தயாரித்தது. அது பின்னாளில் நலிவுற்று மூடப்பட்டது. சுருளை நம்பியிருந்த காலத்தில் ஒரு தொழிலாளியை மணிக்கணக்கில் பேசவிட்டுப் படம் பிடிப்பது எளிதன்று.

வழி திறந்தது காந்த நாடா. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. நம் காதுக்கு எட்டும் ஒலியின் அதிர்வெண் வினாடிக்கு 20,000 வரைதான். தொலைக்காட்சிப் படத்திற்கோ பல இலட்சம் அதிர்வுகள் வேண்டும். நாடாவை அதற்கேற்ற வேகத்தில் இழுத்தால் எவ்வளவு நாடா இருந்தாலும் போதாது. 1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் வேறு வழி கண்டது. நாடா வினாடிக்கு 38 செ.மீ. வீதம் மெதுவாகவே நகர்ந்தது. நான்கு பதிவு முனைகள் பொருத்திய உருளையை நிமிடத்திற்கு 14,400 முறை சுழலவிட்டார்கள். நாடாவின் குறுக்கே முனைகள் வினாடிக்குச் சுமார் 40 மீட்டர் வேகத்தில் ஓடின. வேகம் நூறு மடங்கு கூடிற்று. நாடாச் செலவு கூடவில்லை. சுழலும் முனையைக் கொண்டே 1971-இல் சோனி நிறுவனத்தின் யூ-மேட்டிக் நாடாப் பேழை வந்தது. வீடுகளுக்கென்று நினைத்துச் செய்யப்பட்ட அது, நிறுவனங்களின் பயிற்சிக் கூடங்களிலேயே பெரிதும் புகுந்தது. படமும் பேச்சும் ஒரே நாடாவில். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மீண்டும் எடுக்கலாம்! பிறகு இலக்கமுறைப் பதிவு வந்து நாடாவையும் நீக்கிவிட்டது.

தெப்பக்காடு சொல்லும் பாடம்

இதன் பயனை மசினகுடிக்கு அருகிலேயே காணலாம். தெப்பக்காடு யானைகள் முகாமில் கார்த்திகி கொன்சால்வெஸ் ஐந்தாண்டுகளாகப் படம் பிடித்தார். பதிவு சுமார் 450 மணி நேரம். இதை 16 மி.மீ. சுருளில் எடுத்திருந்தால் சுருளின் நீளம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் இருந்திருக்கும்! அதிலிருந்து தொகுத்ததே 40 நிமிட அளவிலான 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்'. 2022-இல் வெளிவந்து 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றது.

இது விளம்பரப் படம் அன்று. ஆனால் எந்த விளம்பரமும் செய்யாததை அது செய்தது. காட்டுநாயக்கர் சமூகத்தவரான பொம்மனும் பெள்ளியும் தாயிழந்த யானைக் கன்றுகளை வளர்த்த கதையைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். விருதுக்குப் பின், தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய இரு முகாம்களின் 91 பணியாளர்களுக்கும் தலா 1 இலட்சம் ரூபாயும், வீடுகள் கட்ட நிதியும் தமிழக அரசு அறிவித்தது. அந்தத் தம்பதியருக்குச் சேர வேண்டிய பங்கு பற்றி அதே ஆண்டில் சர்ச்சையும் எழுந்தது. ஒருவரின் குரலுக்கு மதிப்பு உண்டென்றால், அதற்குரிய பங்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வரும் அல்லவா?

இன்று கருவி மலிவு, பதிவுக்கு அளவில்லை. இருந்தும் பல நிறுவனப் படங்களில் கட்டடமும் இசையும் இருக்கின்றன; வேலை செய்பவரின் பேச்சைக் காணோம். 1895-இல் ஆலைத் தொழிலாளி பேசாததற்குக் காரணம் கருவியின் குறை. இன்று பேசவில்லையென்றால் குறை கருவியில் இல்லை.