காட்டுத்தீத் தடுப்பில் ஹெலிகொப்டர்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதி அமைந்துவிடுகின்றனர். ஒரு கருவியைக் கண்டறிந்தவர் யார், அதன் வலு எத்துணை, அது எவ்வெவ் வகையில் திருத்தம் பெற்றது என்பன விரிவாகப் பதிவாகின்றன. அக்கருவியோடு சேர்ந்து உழைத்தோரும், அதன் குறைபாடுகளுக்கு உயிரை விலையாகக் கொடுத்தோரும் அவ்வரலாற்றின் ஓரங்களிலேயே இடம்பெறுகின்றனர். காட்டுத்தீயை எதிர்ப்பதற்கு ஹெலிகொப்டர் பயன்பட்ட வரலாறும் இப்பொது நிலைக்கு விலக்கன்று. எரியும் மலைமீது வானிலிருந்து நீர் கொட்டும் காட்சியே மக்கள் மனத்திற் பதிந்துள்ளது. அக்காட்சிக்குப் பின்னால் நிற்கும் தரைக் குழுவினரின் உழைப்பையும், அவர்களின் உயிரைக் காக்கும் சுமைக் கணக்கையும் அறிந்தோர் சிலரே. இம்முயற்சி பெருமளவில் உருப்பெற்ற அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியை மையமாகக் கொண்டு அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

தீ எரிவதற்கு எரிபொருள், வெப்பம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் வேண்டும். பரந்த காட்டில் ஒட்சிசனை அகற்றுதல் இயலாது. வெப்பத்தைத் தணிப்பதற்கு நீர் வேண்டும். மலைச்சரிவுகளிலோ நீர் அரிது. எனவே எரிபொருளை அகற்றுவதே தொன்றுதொட்டு வந்த முறையாயிற்று. தீயைச் சூழ உள்ள புல், பற்றை, சருகு, வேர் அனைத்தையும் வெட்டிச் சுரண்டி, வெறும் மண் தெரியும்படி ஒரு தடுப்புக்கோடு அமைப்பர். அக்கோட்டை வந்தடையும் தீ, பற்றுவதற்கு எதுவுமின்றி அடங்கும். கோடரியும் மண்வெட்டியும் மனிதக் கைகளுமே இவ்வேலையின் கருவிகள்.

அமெரிக்க வனச்சேவை 1905ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஐந்தாண்டுகளின் பின்னர், 1910 ஓகஸ்ட் 20, 21ஆம் திகதிகளில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் வீசிய பெருங்காற்றினால் பல தீக்கள் ஒன்றிணைந்து ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் நிலத்தை எரித்தன. எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருட் பெரும்பாலானோர் தீயை எதிர்க்கச் சென்ற தொழிலாளர். எந்தத் தீயையும் வளரவிடலாகாது என்னும் கொள்கை வேரூன்றுவதற்கு இப்பேரழிவு முக்கிய காரணமாயிற்று. 1935இல் அது திட்டவட்டமான விதியாகவே வகுக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு தீயும் மறுநாட் காலை பத்து மணிக்குள் கட்டுப்படுத்தப்படல் வேண்டும் என்பதே அவ்விதி.

விதியை வகுத்தல் எளிது; தூரம் அதற்கு இடந்தரவில்லை. பாதைகளற்ற மலைகளிலே கோவேறு கழுதைகளிற் பொருள்களை ஏற்றி, ஆட்கள் நடந்து சென்று தீயை அடைவதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆயிற்று. அதற்குள் சிறு தீ பெருந்தீயாகிவிடும். 1940இல் பரசூட் மூலம் ஆட்களைத் தீயருகே இறக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஆயின் பரசூட் இறக்குமேயன்றி ஏற்றாது. குதித்தவர் வேலை முடிந்தபின் தம் சுமைகளுடன் நெடுந்தூரம் நடந்தே மீளவேண்டியிருந்தது. ஆபத்து நேரினும் அவர்களின் கால்களே அவர்களுக்குத் துணை. இறக்கவும் ஏற்றவும் வல்ல ஊர்தியொன்றின் தேவை இவ்வாறே உணரப்பட்டது.

ஹெலிகொப்டரின் வருகை

இகோர் சிகோர்ஸ்கியின் விஎஸ்–300 என்னும் பொறி 1939இல் தரையை விட்டு எழுந்தது. இரண்டாம் உலகப்போரின் பின்னர், 1946 மார்ச் 8ஆம் திகதி பெல் 47 வகை ஹெலிகொப்டர் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சான்றிதழைப் பெற்றது. மறு ஆண்டிலேயே தென்கலிபோர்ணியாவின் ஏஞ்சலிஸ் தேசிய வனத்தில் மூண்ட தீயொன்றில் அது ஈடுபடுத்தப்பட்டது. தீயை நோட்டமிடுதலும், ஓரிருவராக ஆட்களைக் கொண்டுசேர்த்தலுமே அதனால் இயன்றவை. நீர் கொட்டுதல் அன்று எண்ணத்தளவிலேயே இருந்தது.

1953இல் கலிபோர்ணியாவின் மெண்டோசினோ தேசிய வனத்தில் ஒரு தீ திடீரெனத் திசைமாறிப் பதினைவரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டில் ‘ஒப்பரேஷன் ஃபயர்ஸ்டொப்’ எனும் ஆராய்ச்சித் திட்டம் பென்டில்டன் முகாமில் நடத்தப்பட்டது. வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் படையினரும் விஞ்ஞானிகளும் அதிற் கூடி உழைத்தனர். ஹெலிகொப்டரிலிருந்து நீர் கொட்டுதல், மலைச்சரிவிலே நீர்க்குழாய்களை விரித்துச் செல்லுதல் முதலியன ஆங்கு பரிசோதிக்கப்பட்டன. இத்துறையில் ஹெலிகொப்டருக்கு உரிய இடத்தை வரையறுப்பதில் இத்திட்டம் ஒரு திருப்புமுனை எனலாம். 1950களின் பிற்பகுதியில் ஹெலிகொப்டரோடு இணைந்தே பணியாற்றும் தனிக் குழுக்கள் தோன்றின. ஹெலிகொப்டர், தாக்குதல் என்னும் பொருள்தரும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டி ‘ஹெலிட்டாக்’ என்ற பெயரும் அவற்றுக்கு வழங்கலாயிற்று.

தொடக்ககால ஹெலிகொப்டர்களின் பெருங்குறை அவற்றின் வலுவின்மையே. காற்று வெப்பமடையும்போது அடர்த்தி குறையும். உயரம் செல்லச் செல்லவும் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்த காற்றிலே சுழலி தரும் தூக்குவிசையும், இயந்திரம் தரும் வலுவும் ஒருங்கே குறைகின்றன. காட்டுத்தீயோ கோடையின் நண்பகலில், உயர்ந்த மலைகளிலேதான் உக்கிரம் கொள்கிறது. தேவை மிகும் இடத்திலே கருவியின் ஆற்றல் குன்றும் இம்முரண்பாடு இவ்வரலாறு முழுவதிலும் தொடர்வதைக் காணலாம். வியட்நாம் போரிற் பெருவழக்குப் பெற்ற, சுழற்சக்கர இயந்திரம் பூட்டிய பெல் யூஎச்–1 வகையும் அதன் வழிவந்த பொதுமக்கள் ஊர்திகளும் இக்குறையைப் பெரிதும் தணித்தன. அப்போரில் ஹெலிகொப்டர் ஓட்டிப் பழகிய விமானிகள் பலர் பின்னர் காட்டுத்தீப் பணியிற் சேர்ந்தனர். 1972இல், நிலைநிற்கும் ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றின் வழியே ஆட்களை இறக்கும் முறையை அமெரிக்க வனச்சேவை மேற்கொள்ளலாயிற்று. இறங்குதளம் இல்லாத இடத்தையும் இதனால் அடைய முடிந்தது.

தரைக் குழுவினரின் பணி

ஹெலிட்டாக் குழுவினரின் வேலை, தீயை எதிர்ப்பதோடு அமைவதில்லை. ஹெலிகொப்டர் இறங்குவதற்குரிய இடத்தைத் தேர்ந்து, மரங்களையும் பற்றைகளையும் வெட்டி, தடைகளற்ற வட்டம் ஒன்றை அமைத்தல் அவர்களின் கடமை. காற்றின் திசையை விமானிக்கு உணர்த்தல், தூசி எழாவண்ணம் தரையை நனைத்தல், கைச் சைகையாலும் வானொலியாலும் ஊர்தியை வழிப்படுத்தல், வலையிற் கட்டிய பொருள்களை அதன் அடிக் கொளுவியிலே மாட்டுதல் ஆகியனவும் அவர்களைச் சார்ந்தவையே.

ஹெலிகொப்டரை அணுகும் முறையிலும் கண்டிப்பான ஒழுங்கு உண்டு. விமானியின் கண்ணிற் படும்படி, முன்புறமாகவோ பக்கவாட்டிலோ, குனிந்தே செல்லல் வேண்டும். சரிவான நிலத்தில் மேட்டுப் புறத்திலிருந்து வருபவர் பிரதான சுழலியின் வீச்சுக்குள் அகப்படுவர். பின்புறம் செல்பவர் கண்ணுக்குப் புலப்படாது சுழலும் வால் சுழலிக்கு இரையாவர். கோடரி முதலியவற்றைத் தோளிற் சார்த்தாது, தரைக்குச் சமாந்தரமாகத் தாழ்த்திப் பிடித்தல் வேண்டும். புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயணத்தின் முன்னரும் இவை எடுத்துரைக்கப்படுகின்றன.

இவையனைத்தினும் தலையாயது சுமைக் கணக்கு. ஏறுவோர் ஒவ்வொருவரும் தத்தம் உடை, நீர், கருவிகள் ஆகியவற்றோடு நிறுக்கப்பட்டு, அவர்களின் பெயரும் நிறையும் பட்டியலிடப்படுகின்றன. விமானி அன்றைய வெப்பநிலை, செல்லுமிடத்தின் உயரம் ஆகியவற்றை உற்பத்தியாளர் தரும் அட்டவணையோடு ஒப்பிட்டு, ஊர்தி தூக்கக்கூடிய மொத்த நிறையைக் காண்கிறார். அதிலிருந்து வெற்று ஊர்தியின் நிறை, விமானியின் நிறை, எரிபொருளின் நிறை ஆகியவற்றைக் கழிக்கிறார். எதிர்பாரா நிலைமைகளை எண்ணி, மேலும் ஒரு குறித்த அளவு கழிக்கப்படுகின்றது. எஞ்சுவதே ஏற்றத்தக்க சுமை. இங்கு மற்றோர் உண்மையும் நோக்கற்பாலது. தரைக்கு மிக அண்மையில் மிதக்கும் ஹெலிகொப்டருக்குத் தரை ஒருவகைத் தாங்குதலை அளிக்கிறது. மலைமுகட்டிலிருந்து எழுந்து சரிவைத் தாண்டியதும் அத்தாங்குதல் அற்றுப்போகும். ஆகவே தளத்திலிருந்து எழ முடிந்தது என்பதனால் மட்டும் பறக்க முடியும் என்று கொள்ளலாகாது. கணக்கே அதனை முன்கூட்டி அறிவிக்கவல்லது.

வானிலிருந்து நீர்

நீர் கொட்டும் பணியும் நிறையின் விதிக்கு உட்பட்டதே. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். ஆதலால் கொண்டுசெல்லும் நீரின் அளவை ஊர்தியின் வலுவே தீர்மானிக்கிறது. ஆரம்பத்தில் விறைப்பான வாளிகள் ஹெலிகொப்டரின் கீழே தொங்கவிடப்பட்டன. அவற்றை ஊர்தியின் உள்ளே வைத்துச் செல்ல முடியாதிருந்தது. 1982இல் கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவைச் சேர்ந்த டொன் ஆர்னி, துணியாலான மடிக்கத்தக்க வாளியொன்றை ஆக்கினார். ‘பாம்பி வாளி’ எனப்படும் அதனை மடித்து ஊர்திக்குள் வைத்துச் சென்று, குளத்தருகே இறங்கி, தொங்கவிட்டு மொண்டு செல்லலாம். எளிமையே அதன் பரவலுக்குக் காரணம். தமிழகத்தின் குன்னூரில் 2024 மார்ச்சில் மூண்ட காட்டுத்தீயை அணைப்பதற்கு இந்திய விமானப்படையின் எம்ஐ–17 ஹெலிகொப்டர் பயன்படுத்தியதும் இவ்வகை வாளியையே.

மறுபுறம், சிகோர்ஸ்கி எஸ்–64 போன்ற பாரந்தூக்கி ஊர்திகளின் வயிற்றிலே தாங்கிகள் பொருத்தப்பட்டன. ஏறத்தாழ 10,000 லீற்றர் நீரை ஒரு நிமிடத்திற்குக் குறைந்த நேரத்தில் உறிஞ்சிக்கொள்ள வல்லவை அவை. 2001ஆம் ஆண்டின் இறுதியில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சூழ்ந்த தீயின்போது, ‘எல்விஸ்’ என்று பெயரிடப்பட்ட அத்தகைய ஊர்தி, தீயாற் சூழப்பட்ட தீயணைப்பாளர் பதினால்வரைக் காக்க உதவியது எனப் பாராட்டப்பட்டது.

எனினும், வானிலிருந்து வீழும் நீர் தீயின் வேகத்தைத் தணிக்குமேயன்றி அதனை முற்றாக அணைப்பதில்லை. வேரினுள்ளும் மரக்கட்டையினுள்ளும் புதைந்த தணல் மறுநாட் காற்றிலே மீண்டும் எழும். தீயில் எச்சம் வைக்கலாகாது என்பது தமிழ் மக்கள் நன்கறிந்த உண்மை. அவ்வெச்சத்தைத் தேடிக் கிளறி, மண்ணோடு கலந்து, வெறுங்கையால் தொட்டுப் பார்த்து அவிப்பவர் தரையில் நிற்பவரே. அன்றியும், தீயை அணைக்க வந்த அதே ஹெலிகொப்டர் தீ மூட்டவும் பயன்படுகிறது. எல்லாத் தீயையும் அணைத்ததன் விளைவாகக் காடுகளிலே எரிபொருள் குவிந்துவிட்டதை உணர்ந்த வனச்சேவை, 1978இல் பத்து மணி விதியைக் கைவிட்டது. குவிந்ததைக் குறைப்பதற்கும், பெருந்தீயை எதிர்த்தீயால் மறிப்பதற்கும், எரியும் கூழை வானிலிருந்து சொரியும் கருவிகள் வழக்கிற்கு வந்தன.

இரு நிகழ்வுகள்

2003 யூலை 22ஆம் திகதி ஐடஹோ மாநிலத்தின் சமன்–சாலிஸ் தேசிய வனத்தில் எரிந்த கிரேமர் தீயில், இறங்குதளம் ஒன்றை அமைப்பதற்காக இருவர் காலையிலே கயிற்றின் வழியே இறக்கப்பட்டனர். பிற்பகலில் அவர்களுக்குக் கீழே இருந்த சரிவில் தீ மூண்டெழுந்தது. தம்மை ஏற்றிச் செல்லுமாறு அவர்கள் வானொலி மூலம் கேட்டனர். ஹெலிகொப்டர் உடனே வந்துசேரவில்லை. வந்தபோது புகை இறங்க விடவில்லை. இருவரும் தாம் வெட்டிய தளத்தின் அருகிலேயே மாண்டனர். மேற்பார்வையிலும் தீயின் போக்கை மதிப்பிடுவதிலும் குறைபாடுகள் இருந்தன என்பதை விசாரணைகள் வெளிப்படுத்தின. பரசூட்டின் குறையைத் தீர்க்க வந்ததே ஹெலிகொப்டர். அது வரத் தவறிய கணத்தில், அதனை நம்பி இறங்கியவரின் நிலை பரசூட்டிற் குதித்தவரின் நிலையே ஆயிற்று.

2008 ஓகஸ்ட் 5ஆம் திகதி கலிபோர்ணியாவின் ஷாஸ்டா–டிரினிட்டி தேசிய வனத்தில், ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலிருந்த தளமொன்றிலிருந்து தீயணைப்பாளரை ஏற்றிக்கொண்டு எழுந்த சிகோர்ஸ்கி எஸ்–61என் ஹெலிகொப்டர், மரங்களில் மோதி வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த பதின்மூவருள் ஒன்பதின்மர் உயிரிழந்தனர். தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2010இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தருவது. ஒப்பந்த நிறுவனம் வழங்கிய ஆவணங்களில் வெற்று ஊர்தியின் நிறை 1,000 இறாத்தலுக்கு மேல் குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. வலுவைக் குறிக்கும் அட்டவணையும் மாற்றப்பட்டிருந்தது. போதிய மேற்பார்வை செய்யாத அரச நிறுவனங்களையும் சபை சுட்டிக்காட்டியது. பின்னர் இவ்விவகாரம் தொடர்பாக நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய இருவர் 2015இற் சிறைத்தண்டனை பெற்றனர்.

இங்கே கருதற்பாலது ஒன்றுண்டு. அன்று விமானிகள் கணக்குச் செய்யத் தவறவில்லை. தீயணைப்பாளரும் தம் நிறையை மறைக்கவில்லை. அவர்கள் கூட்டிக் கழித்த முறை சரியே. ஆனால் அவர்கள் கையிற் கொடுக்கப்பட்ட முதல் எண்ணே பொய். மலையுச்சியில் நின்ற தொழிலாளி தன் முதுகுப்பையை இறாத்தற் கணக்கில் நேர்மையாக நிறுத்துக் காட்டியபோது, தொலைவிலிருந்த அலுவலகத்தில் ஊர்தியின் நிறையே ஒப்பந்தத்தின் பொருட்டுக் குறைக்கப்பட்டிருந்தது.

முடிவுரை

ஏஞ்சலிஸ் வனத்தில் பெல் 47 பறந்த நாள்தொட்டு நோக்குமிடத்து, ஹெலிகொப்டர் காட்டுத்தீப் பணியிலே தூரத்தை வென்றது என்பதில் ஐயமில்லை. நாட் கணக்கான நடை நிமிடக் கணக்காகக் குறைந்தது. ஆயினும் அது மனித உழைப்பை நீக்கவில்லை. அவ்வுழைப்பை ஆபத்தின் அருகே விரைவாகக் கொண்டுசேர்த்தது. விரைவு வளருந்தோறும், கொண்டுசேர்த்தவரை மீட்டுக் கொணரும் பொறுப்பும் வளர்கின்றது. அப்பொறுப்பு விமானியின் திறமையில் மட்டும் தங்கியதன்று. இறங்குதளத்தை வெட்டுபவர், நிறையைப் பதிபவர், அட்டவணையைத் தயாரிப்பவர், ஒப்பந்தத்தைப் பரிசீலிப்பவர் என அனைவரும் அதிற் பங்குடையர். இச்சங்கிலியின் ஒரு கண்ணி பொய்யாயின், எத்துணை வலிமை வாய்ந்த இயந்திரமும் அப்பொய்யைத் தாங்கிப் பறப்பதில்லை. கருவியின் வரலாற்றோடு அதனைச் சூழ்ந்த நேர்மையின் வரலாறும் எழுதப்படும்போதே தொழில்நுட்ப வரலாறு நிறைவு பெறும்.