கஞ்சித்தொட்டியும் முதல் கவனிப்பும்

கவுனி என்றால் கோட்டை வாயில். 1758-59-இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பின், ஆங்கிலேயர் கருப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். அதன் மேற்கு வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதில் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது. இவ்விடத்துக்குத் தெற்கே அரசுப் பொது மருத்துவமனையும் வடக்கே ஸ்டான்லி மருத்துவமனையும் உள்ளன. ஆபத்து நேரத்தில் இவற்றுள் ஒன்றை நோக்கியே இப்பகுதி மக்கள் விரைகின்றனர். அங்கே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

ஸ்டான்லியை வடசென்னை மக்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். ஹைதர் அலியுடன் நடந்த போரை ஒட்டிப் பஞ்சம் வந்தபோது, பசித்தோருக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் மணியக்காரர் சத்திரம் தோன்றியது. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே நோயாளருக்கு இடம் அமைத்தார். அதுவே வளர்ந்து, ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் தாங்கி, 1938-இல் மருத்துவக் கல்லூரியாயிற்று.

கஞ்சிக்கு வரிசை போதும். உயிருக்கு வரிசை போதாது. இவ்வுண்மையை அதே காலத்தில் ஐரோப்பியப் போர்க்களத்தில் செயலாக்கியவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. தளபதியா, சிப்பாயா என்று பாராமல், காயத்தின் கொடுமை கண்டே அவர் முறை வகுத்தார்.

ஆபத்தில் இருப்பவரை அருகில் வைத்துக் காப்பது இன்னும் பழைய நெறி. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்தது. அண்மையில் இருந்து நலம் விசாரிக்க ஏதுவாக, அவரைப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் சேர்க்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நோயாளர் பணிக்கென்றே தம்மை அளித்த அன்சாரிப் பெண்மணி அவர்.

1863-இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், அறுவை முடிந்தோர் தேறும் வரை தங்கச் சிறு அறை வேண்டும் என்பது பற்றி எழுதினார். 1871-இல் நம் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, இப்சன் என்னும் மருத்துவரின் யோசனைப்படி சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துக் கையால் காற்றுப் பையை அழுத்தினர். மரணங்கள் பெரிதும் குறைந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்தே உருவாயிற்று.

இன்று அவசரப் பிரிவின் வாயிலில் செவிலியர் செய்வதும் இதன் தொடர்ச்சியே. முதலில் மூச்சுப்பாதை திறந்துள்ளதா என்று நோக்குகிறார். அடுத்து மூச்சின் வேகம். பின்னர் நாடியும் இரத்த அழுத்தமும். அதன்பின் நினைவின் தெளிவு. வயது வந்தோர் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவர். அது மிகுவது பல வேளைகளில் பேராபத்தின் முதல் அறிகுறி. குறை கண்ட இடத்திலேயே கை வைத்துச் சரிசெய்த பின்னரே அடுத்த படிக்குச் செல்வது முறை. அடைப்பை நீக்காமல் ஆக்சிஜன் தந்து பயனில்லை. பெருகும் குருதியை அழுத்தி நிறுத்தாமல் நரம்பில் நீர் ஏற்றுவதும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே.

கால் முறிந்தவர் உரக்க அலறலாம். அவருக்கு அடுத்து, குளிர்ந்த வியர்வையுடன் பேச்சற்று ஒருவர் சாய்ந்திருக்கலாம். செவிலியர் மௌனமாக இருப்பவரிடம் முதலில் செல்வார். தமிழக அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிப்பது இதற்காகவே. "நாங்கள்தானே முன்னே வந்தோம்?" என்று உறவினர் சினப்பது இயல்பு. ஆனால் அந்தச் சச்சரவில் கரையும் நிமிடங்கள் வேறொரு தாயின் மகனுக்கு உரியவை. நாளை நம் பிள்ளைக்கும் அவை தேவைப்படலாம்.

மருத்துவரை மதிக்கும் நம் குடும்பங்கள், செவிலியர் பணியை மகளுக்கு ஏற்றதன்று என ஒதுக்குவதும் உண்டு. ருஃபைதாவின் பெயரைப் பெருமையோடு சொல்லும் நாம், அவர் செய்த பணியைத் தாழ்வாக எண்ணலாமா?